இருபத்தெட்டிலும் குளிர்ந்த வீடு

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நான் ஓய்வு பெற்ற அன்று எனக்குக் கேக் வெட்டினீர்கள். அதைத் தின்றுகொண்டே உங்களில் மூன்று பேர், ஒருவர் மாறி ஒருவராக, என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். எந்த ஹீட்டர் நல்லது? பதினெட்டு வருடம் மெல்பேர்னில் வீடு வீடாக ஏறி இறங்கி, சூடு எந்த வழியால் ஓடுகிறது, பில் எதனால் ஏறுகிறது என்று பார்த்துச் சொன்னவளிடம் கேட்கிற கேள்வியா அது? என் வாய்க்குள் கேக் இருந்ததால் அன்று தப்பிவிட்டீர்கள்.

இப்போது வாய் சும்மா இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். ஹீட்டர்களைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அலுவலகத்தில் கட்டுக்கட்டாகக் கையேடு கிடக்கிறது, எடுத்துப் படியுங்கள். நான் சொல்லப்போவது நான் விட்ட ஒரு பிழையை. கொஞ்சநஞ்சப் பிழை அல்ல. ஒரு குடும்பம் வீட்டை விற்கும் நிலைக்கு வந்த பிழை. அதிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்பதையும் சொல்வேன், ஏனென்றால் அதில் எனக்கு இன்றைக்கும் தலைகால் தெரியாத பெருமை உண்டு.

எனக்கு வேலை பழக்கியவர் ஒரு வயதான பிளம்பர். அதிகம் பேசமாட்டார். முதல் வாரத்தில் அவர் சொன்ன ஒன்று மட்டும் நினைவில் இருக்கிறது: பெட்டியைப் பார்க்க முன்னர் கதிரையைப் பார். வீட்டுக்காரர் எந்தக் கதிரையில், எந்த நேரத்தில், எதைப் போர்த்திக்கொண்டு இருக்கிறார் என்று பார்த்துவிட்டு அதற்குப் பிறகு ஹீட்டரிடம் போ என்று அர்த்தம். நான் நன்றாகத் தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு என்ன செலவு?

எங்கள் தமிழ் ஆட்களின் வீடு என்றால் மேலாளர் என்னைத்தான் அனுப்புவார். என்னைப் போல அவர்களைப் புரிந்துகொள்ள ஆள் இல்லை என்று அவருக்கு நம்பிக்கை. எனக்கு அதைவிடப் பெரிய நம்பிக்கை. அதற்குக் காரணமும் இருந்தது. ட்ருகனினாவில் ஒரு புது வீட்டில், பின்னறை மட்டும் ஏன் சூடாகவில்லை என்று இரண்டு பேர் வந்து கருவி வைத்துப் பார்த்துத் தோற்றுப் போயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்த ஐந்தாவது நிமிடம் கண்டுபிடித்தேன். பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றதும் வீட்டுக்காரி அந்த அறையில் கட்டியிருந்த கொடியைக் கழற்றிச் சேலைகளை ஒளித்துவிடுவார். சீலிங்கில் வெப்பக்காற்று வரும் வாய்க்கு நேர் கீழே கட்டிய கொடி. மற்ற நாட்களில் ஐந்து சேலைகள் அந்தக் காற்றைக் குடித்துக்கொண்டு தொங்கும். "கொடி எங்கை?" என்று கேட்டேன், அவ்வளவுதான். அந்த மதியம் அலுவலகத்தில் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த நடையோடுதான் ரோவில் என்ற புறநகருக்குப் போனேன்.

வீட்டுக்காரர் சிவஞானம் அண்ணை, இருபத்தைந்து வருடம் மெல்பேர்னில் பஸ் ஓட்டியவர். மனைவி பரமேசக்கா. பிள்ளை ஒருவன்தான், கஜன், சிட்னியில் செவன் ஹில்ஸில் இருக்கிறான். அதற்கு முந்தைய வருடம் அண்ணைக்கு நுரையீரலில் நோய் வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டைச் சூடாக வைத்திருக்க வேண்டும், குளிர் பட்டால் திரும்பவும் வந்து படுக்க நேரிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் குளிர்காலம் வந்த எரிவாயு பில்லை இருவரும் நம்பாமல் இரண்டு தரம் படித்தார்களாம். வீடும் சூடாகவில்லை, பில்லும் இரண்டு மடங்கு.

கஜன் ஒரு தீர்வு வைத்திருந்தான். ரோவில் வீட்டை விற்றுவிட்டு இருவரும் சிட்னிக்கு வந்து, அவனுடைய வீட்டுப் பின்வளவில் கட்டியிருக்கும் சின்ன வீட்டில் இருக்கலாம். நல்ல பிள்ளை, நல்ல மனத்தோடு சொன்னது. பரமேசக்காவுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

"மகன்ர வளவுதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை," என்றார் என்னிடம். "ஆனால் தங்கச்சி, அவையின்ர நேரத்துக்குச் சமைச்சு, அவையின்ர நேரத்துக்கு ரீவியைக் குறைச்சு, ஒரு சாமானை நகர்த்துறதுக்கும் கேட்டுக் கேட்டு இருக்க என்னாலை ஏலாது. இந்த வீடு இவர் விடிய நாலு மணிக்கு எழும்பிப் போய் பஸ் ஓடிக் கட்டின வீடு."

ஆக, என்னிடம் கொடுக்கப்பட்டது ஒரு ஹீட்டர் அல்ல. இந்தக் குளிர்காலத்து பில் குறையாவிட்டால் வீடு விற்கப்படும். வீடு சூடாகாவிட்டால் அண்ணை திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போவார். இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும். "நான் பாத்துக்கொள்ளுறன் அக்கா" என்றேன். சேலைக்கொடியைக் கண்டுபிடித்தவள் அல்லவா.

நான் போனது மே மாதம், இங்கே குளிர் தொடங்கும் காலம், காலை பதினொரு மணி. வேலையைப் பிழையாகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். வாசல் கதவுக்குக் கீழே கை விரல் போகிற இடைவெளி இருந்தது, அடைக்க ஏற்பாடு செய்தேன். தரைக்கு அடியில் வெப்பக்காற்றுக் குழாய் ஒன்று கிழிந்து, வீட்டுக்கு அடியில் இருந்த எலிகளுக்குச் சுகமாகச் சூடு கொடுத்துக்கொண்டிருந்தது. அதை மாற்றுவித்தேன். சூடு வெளியே போகாதபடி கூரைக்குள் பஞ்சு போடுவித்தேன். எல்லாம் சரியான வேலை, எல்லாவற்றுக்கும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

நடைபாதைச் சுவரில் தெர்மோஸ்டாட் இருந்தது. எத்தனை பாகை சூடு வேண்டும் என்று நாம் கூட்டிக் குறைக்கிற அந்தச் சின்னப் பெட்டிதான். அதற்கு ஒரு முழம் கீழே பரமேசக்காவின் சாமித்தட்டு. பிள்ளையார், முருகன், அம்மன், முன்னால் ஏற்றாத ஒரு பித்தளைக் குத்துவிளக்கு, திருநீற்றுக் கிண்ணம். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போய் நின்று கும்பிட்டேன். திருநீறு எடுத்துப் பூசினேன். பூசிய கையோடு நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தேன். அப்போதைய சூடு பத்தொன்பது பாகை என்றது. என் கையில் இருந்த வெப்பமானியும் பத்தொன்பது. இரண்டும் ஒத்துப்போகின்றன, பெட்டியில் பழுதில்லை. படிவத்தில் ஒரு சரி அடையாளம் போட்டேன்.

அந்த அடையாளத்தை நினைவில் வைத்திருங்கள்.

போகும் முன் அண்ணைக்கு ஒரு பிரசங்கமும் செய்தேன். ஏனென்றால் பெட்டியை அவர் இருபத்தெட்டில் வைத்திருந்தார். இருபது, மிஞ்சினால் இருபத்தொன்று போதும், அதற்கு மேல் கூட்டக் கூட்டக் காசுதான் எரியும் என்றேன்.

"இருபதிலை விட்டால் நான் பின்னேரம் விறைச்சுப் போவன், பிள்ளை," என்றார்.

"அப்பிடித்தான் சொல்லுவார்," என்று பரமேசக்கா குசினிக்குள் இருந்து குரல் கொடுத்தார். "நான் போய்க் குறைப்பன். இவர் பின்னாலை போய்க் கூட்டுவார்."

"கூட்டினாலும் குளிருதே. நான் என்ன செய்ய?"

புருசன் பெண்சாதி சண்டை என்று எண்ணிச் சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மனிதர் தன் வாயாலேயே விடையைச் சொல்லியிருந்தார். பின்னேரம் என்றார். கூட்டினாலும் குளிருது என்றார். நான் காலை பதினொரு மணிக்கு வந்தவள், எனக்கு எங்கே கேட்கப் போகிறது?

ஜூலையில் ஒரு புதன்கிழமை பரமேசக்கா அழைத்தார். "தங்கச்சி, பில் வந்திட்டுது," என்றார். எவ்வளவு என்று கேட்டேன். போன குளிர்காலத்தைவிடக் கூடுதல். நான் ஓட்டையெல்லாம் அடைத்து, குழாய் மாற்றி, பஞ்சு போட்ட பிறகு, முன்பைவிடக் கூடுதல்.

ஒரு மணி நேரத்தில் கஜன் சிட்னியிலிருந்து போன் எடுத்தான்.

"அன்ரி, நான் உங்களைப் பிழை சொல்லேல்லை," என்றான். பிழை சொல்லவென்றே எடுப்பவர்கள் அப்படித்தான் தொடங்குவார்கள். "ஒனஸ்ட்டா சொல்லுங்கோ, அந்த வீட்டை இனி வச்சிருக்கலாமோ? நான் அடுத்த கிழமை சனி வாறன். வீடு விக்கிற ஏஜன்டைப் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறன். அப்பாவுக்குத் திருப்பியும் வருத்தம் வந்தால் நான் சிட்னியில இருந்து என்ன செய்யிறது?"

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். மேலாளரிடம் போனேன். அவர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். ஹீட்டர் பழசு, கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடச் சொல், விலைப்பட்டியலை நாளைக்கே அனுப்பு என்றார். எங்களைக் காப்பாற்றிக்கொள்ள அதுதான் வழி என்று அவர் சொல்லாமல் சொன்னார். புது ஹீட்டர் போட்டால் எங்கள் வேலையில் பிழை என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த விலைப்பட்டியலைத் தட்டச்சு செய்தேன். அனுப்புகிற பொத்தானில் விரல் வைத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் இருக்கும்போது மனிதருக்குப் புது ஹீட்டரைப் போல அழகான பொருள் வேறு இல்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. ஓட்டையை அடைத்த பிறகு பில் ஏறுமா? குறையாமல் இருக்கலாம், ஏறக்கூடாது. ஏறியது என்றால் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த வீட்டில் நடக்கிறது. தெரியாத ஒன்றின் மேல் புது ஹீட்டரை வைத்தால், புது ஹீட்டரும் அதே கூத்தைத்தான் ஆடும். அவர்களுடைய சேமிப்பும் போய், வீடும் போயிருக்கும்.

அப்போதுதான் எனக்கு வேலை பழக்கிய கிழவர் சொன்ன கதிரை நினைவுக்கு வந்தது. அதுவரை நான் ஒரு வீட்டிலாவது அந்தக் கதிரையில் குந்திப் பார்த்தேனா?

வியாழக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், வேலை முடிந்து நேரே ரோவிலுக்குப் போனேன். வெளியே ஏழு பாகை. வீட்டுப் பக்கச் சுவரில் இருக்கும் எரிவாயு மீற்றரைப் படித்துக் குறித்துக்கொண்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்த பரமேசக்கா தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, விளக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தவர். "இருங்கோ, வாறன்," என்று உள்ளே போனார்.

நான் வரவேற்பறைக்குப் போய் அண்ணையின் கதிரையைக் கேட்டேன். அவர் திகைத்துப் போய் எழும்பிக் கொடுத்தார். இருந்தேன். அரை மணி நேரம் இருந்தேன். தேத்தண்ணி வந்தது, குடித்து முடிப்பதற்குள் ஆறிவிட்டது. கால் விரல் விறைத்தது. என் வெப்பமானி பதினைந்து என்றது. அண்ணை போர்வையோடு எதிரே இருந்து இருமிக்கொண்டிருந்தார்.

"இப்ப எத்தினையிலை விட்டிருக்கிறியள், அண்ணை?"

"இருபத்தெட்டு. வேணுமெண்டால் போய்ப் பாருங்கோ."

அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. வீடு அமைதியாக இருந்தது. இருபத்தெட்டுக்கு விட்ட ஹீட்டர், அறை பதினைந்தில் நடுங்கும்போது, தொண்டை கிழியக் கத்த வேண்டும். தரையில் வெப்பக்காற்று வரும் துளையில் கை வைத்தேன். காற்று வரவில்லை. ஹீட்டர் ஓடவே இல்லை.

நடைபாதைக்குப் போனேன். தெர்மோஸ்டாட்டில் இப்போதைய சூடு என்று காட்டுகிற எண்ணைப் பார்த்தேன். இருபத்தொன்பது. பெட்டி பழுது என்று நினைத்துக்கொண்டு அதைத் தொடக் கை நீட்டினேன். சுவர் சுட்டது. அடுப்பங்கரைச் சுவர் போலச் சுட்டது. அப்போதுதான் குனிந்து பார்த்தேன்.

கீழே குத்துவிளக்கு ஐந்து திரியும் ஏற்றி, ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. பரமேசக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"சாமிக்கு முன்னாலை என்ன சிரிப்பு, தங்கச்சி?"

"சாமியைப் பாத்துச் சிரிக்கேல்லை, அக்கா. என்னைப் பாத்துத்தான்."

உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். ஐந்து முக விளக்கின் சூடு நேரே மேலே போய் அந்தப் பெட்டியை நக்கிக்கொண்டிருந்தது. பெட்டி என்ன நினைக்கும்? வீடு முழுக்க இருபத்தொன்பது, இனி எதற்கு ஓடுவது என்று ஹீட்டரை நிறுத்திவிடும். அண்ணை நடுங்குவார், எழும்பிப் போய் இன்னும் கூட்டுவார். இரவு அவர் படுக்கப் போகும்போது அக்கா விளக்கைக் குளிர வைப்பார். சுவர் ஆறும். பெட்டிக்கு அப்போதுதான் கண் திறக்கும். ஐயோ, பதினைந்தில் கிடக்கிறதே, இருபத்தெட்டு அல்லவா கேட்டார்கள் என்று விடிய விடிய ஹீட்டரை அடித்து ஓட்டும். ஆள் இருக்கிற நேரம் குளிர், ஆள் தூங்குகிற நேரம் தீ.

"இரவிலை உங்களுக்குச் சூடாயிருக்கிறேல்லையோ?" என்று கேட்டேன்.

"அதையேன் கேக்கிறியள்," என்றார் அண்ணை. "அவிஞ்சு போறம். ஜன்னலைத் திறந்து போட்டுத்தான் படுக்கிறது. நீங்கள் வந்து ஓட்டையெல்லாம் அடைச்சாப் பிறகு இன்னும் மோசம். இப்ப ரெண்டு ஜன்னல் திறக்கிறனாங்கள்."

ஏன் இதை முதலே சொல்லவில்லை என்று கேட்கவில்லை. நான் கேட்காததற்கு அவர்கள் எப்படிப் பதில் சொல்வார்கள்? என் படிவத்தில் "விளக்கு எத்தனை மணிக்கு ஏற்றுவீர்கள்" என்ற கேள்வி இல்லை. ஆனால் படிவத்தை விடுங்கள். என் வீட்டிலும் சாமித்தட்டு இருக்கிறது. நானும் பின்னேரம் விளக்கு வைக்கிறவள். மே மாதம் அந்த இடத்தில் நின்று, விளக்கைப் பார்த்து, கும்பிட்டு, ஒரு முழம் மேலே பெட்டியைப் பார்த்துச் சரி போட்டவள் நான். தமிழ் தெரியாத ஒரு பொடியனை அனுப்பியிருந்தால், "இது என்ன, எப்போது எரியும்?" என்று அங்கேயே கேட்டிருப்பான். எனக்கு அது பழகிய பொருள், அதனால் கண்ணில் படவே இல்லை. எங்கள் ஆட்களின் வீட்டுக்குப் போகும்போதுதான் நீங்கள் இரண்டு மடங்கு விழிப்பாக இருக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்ததோடு கதை முடியவில்லை. கஷ்டமான பகுதி அதற்குப் பிறகுதான் வந்தது.

"இவ்வளவுதானே," என்றார் அண்ணை உற்சாகமாக. "விளக்கை அஞ்சு நிமிசம் எரியவிட்டு நூத்தால் சரி."

பரமேசக்கா சேலைத் தலைப்பை எடுத்து விரலில் சுற்றத் தொடங்கினார்.

"முந்தியும் அப்பிடித்தானே செய்தனீர்?" என்றார் அண்ணை. "கொஞ்ச நேரம் எரியும், நூத்துப்போடுவீர். இப்பத்தானே ஒரு வருசமா இரவாகுமட்டும் எரிக்கிறீர். மகனுக்கு ஏதும் நேர்த்தியோ?"

"மகனுக்கில்லை," என்றார் அக்கா. "நீங்கள் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை நேர்ந்தனான். உயிரோடை திருப்பித் தந்தால், நீங்கள் இருக்குமட்டும், ஒவ்வொரு நாளும் நீங்கள் படுக்கப் போகுமட்டும் விளக்கு எரியுமெண்டு."

ஒரு வருடம் ஒரே வீட்டில் இருந்த மனிதருக்கு அது தெரியாது. அவர் குளிர்ந்து கிடந்ததே அவருக்காக எரிந்த விளக்கால்தான் என்று அப்போது மூவருக்கும் விளங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, விளக்கு நூராது," என்றார். "வேறை என்ன செய்யலாமெண்டு சொல்லுங்கோ."

என் வாயில் ஒரு வசனம் தயாராக இருந்தது. சாமித்தட்டை வேறு அறைக்கு மாற்றுங்கள். உங்கள் எல்லோருடைய வாயிலும் அதுதான் வரும், கையேட்டிலும் அப்படித்தான் இருக்கும், வெப்பம் தரும் பொருளை அகற்றுக என்று. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தத் தட்டு ஐயர் வந்து நாள் பார்த்து வைத்த தட்டு. அந்த இடத்தில் நின்றுதான் அந்த மனுசி புருசனுடைய உயிரைக் கேட்டிருக்கிறார். மகன் வீட்டில் ஒரு சாமானை நகர்த்தவும் கேட்க வேண்டும் என்று பயப்படுகிறவரிடம், அவருடைய சொந்த வீட்டில் சாமியை நகர்த்து என்று நான் சொல்வதா?

"அக்கா, சாமி அங்கையே இருக்கட்டும்," என்றேன். "விளக்கும் எரியட்டும். அந்தப் பெட்டிக்குத்தான் அங்கை என்ன வேலை? அதைக் கழட்டி அண்ணையின்ர கதிரைக்குப் பக்கத்துச் சுவரிலை பூட்டுவம். அண்ணைக்குக் குளிருதோ எண்டு அது அண்ணைக்குப் பக்கத்திலை இருந்து பாக்கட்டும்."

அக்கா என்னைப் பார்த்தார். "அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

அவ்வளவேதான். வெள்ளிக்கிழமை இந்த வேலைக்கு உரிமம் உள்ள ஆளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. பெட்டியை இருபத்தொன்றில் வைத்தேன். அண்ணை அதற்குப் பிறகு அதைத் தொட்டது, தூசி துடைக்க மட்டும். விலைப்பட்டியலை அனுப்பவில்லை என்று மேலாளரிடம் சொன்னேன். அதற்கடுத்த திங்கள் வரை தவணை கொடுத்தார். அதற்கு மேல் நீயாச்சு என்றார்.

அண்ணைக்கு ஒரு வேலை கொடுத்தேன். தினமும் காலை மீற்றரைப் படித்து எனக்குச் சொல்ல வேண்டும். பஸ் ஓட்டியவருக்கு நேரம் என்றால் நேரம். ஏழு மணிக்குச் சாரத்துக்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டு, தொப்பி வைத்து, தோர்ச் லைட்டோடு போவாராம். வெள்ளி காலை, பெட்டி மாற்றும் முன் அவர் படித்ததால், பழைய கூத்தின் ஒரு இரவுக்கு எவ்வளவு எரிந்தது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. சனிக்கிழமை காலை அழைத்தார். குரலில் சந்தேகம்.

"பிள்ளை, மீற்றர் பழுதோ தெரியாது. முள்ளு நகரேல்லை போலை."

"வீடு எப்பிடி, அண்ணை?"

"வீடு நல்லாயிருக்கு. போர்வை எங்கையெண்டு தெரியேல்லை. நேற்றுப் பின்னேரம் கழட்டிப் போட்டனான்."

போனை வைத்துவிட்டு நான் என் குசினியில் தனியாக நின்று கை தட்டினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இரண்டு தரம் தட்டினேன். அந்த வாரம் முழுவதும் அவருடைய அழைப்புக்காக ஆறே முக்காலுக்கே எழும்பி இருந்தேன். ஒவ்வொரு நாளும் பழைய இரவின் பாதியைக்கூட எட்டவில்லை. ஜன்னல்கள் இரண்டும் மூடிக் கிடந்தன. இருமல்கூடக் குறைந்துவிட்டது என்று அக்கா சொன்னார்.

கஜன் சொன்ன சனிக்கிழமை வந்தது. கஜன் காலை விமானத்தில் வந்திறங்கி, தடித்த ஜாக்கெட்டும் கழுத்துச் சால்வையுமாக வந்தான். போன குளிர்காலம் இந்த வீட்டில் அவன் பட்ட பாட்டை மறக்கவில்லை. அக்கா கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். அவன் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். வீட்டு விலைகளை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான், அப்பாவுக்கு முன்னால் விரித்து வைத்து விளக்கத் தொடங்கினான். நான் யாரும் குறுக்கே பேச வேண்டாம் என்று கண் காட்டினேன்.

பத்து நிமிடத்தில் சால்வையைக் கழற்றினான். பேசிக்கொண்டே ஜாக்கெட்டின் சிப்பை இறக்கினான். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஜாக்கெட்டையே கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டான். அதைச் செய்ததே அவனுக்குத் தெரியாது. பரமேசக்கா குசினி வாசலில் நின்று அந்த ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று அவன் நிறுத்தினான். "அம்மா, ஹீட்டர் ஓடுதோ? சத்தமே கேக்கேல்லையே."

"ஓடி முடிஞ்சுது," என்றார் அண்ணை. "இவ்வளவு சூடு காணுமெண்டு வீடு சொல்லிப்போட்டுது." பிறகு தன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து, வீட்டு விலைகளுக்கு மேல் வைத்தார். எட்டு நாள் மீற்றர், பஸ் நேர அட்டவணை போல வரிசையாக எழுதியிருந்தது.

கஜன் கணக்கு விளங்காத பிள்ளை அல்ல. மேலிருந்து கீழே ஒரு தரம் படித்தான், பில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்து இன்னொரு தரம் படித்தான். "என்ன மாத்தினீங்கள், அன்ரி? புது ஹீட்டரோ?"

"ஒரு பெட்டியை அங்கையிருந்து இங்கை."

"வேறை?"

"வேறையொண்டுமில்லை."

அவன் நடைபாதைக்குப் போனான். மகன் வருகிறான் என்று அக்கா அன்று காலையிலேயே விளக்கு ஏற்றியிருந்தார். அதையும், அதற்கு மேலே பெட்டி இருந்த வெற்றிடத்தையும் பார்த்தான். அம்மா அந்த நேர்த்தியின் கதையைச் சொன்னார். திரும்பி வந்து வீட்டு விலைகளை மடித்து வைத்தான். "ஐ டிடின்ட் நோ, அம்மா," என்றான்.

சரியாகப் பதினொரு மணிக்கு வாசல் மணி அடித்தது. பளபளக்கும் சப்பாத்தோடு ஏஜன்ட். கஜன் எழும்பினான். அண்ணை அவனுடைய தோளில் கை வைத்து இருத்திவிட்டுத் தானே போனார்.

"சொறி, தம்பி," என்றார் கதவைப் பாதி திறந்து. "ஹவுஸ் நொட் ஃபோர் சேல். கம், ஹாவ் வடை." ஏஜன்ட் இரண்டு வடை தின்றுவிட்டுப் போனான். கதவு திறந்து கிடந்ததற்கு அண்ணை அவனை ஒரு தரம் கண்டித்தார், சூடு போகிறதாம்.

திங்கட்கிழமை மேலாளரிடம் அனுப்பாத விலைப்பட்டியலுக்குப் பதிலாக அந்த எட்டு நாள் கணக்கைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எங்கள் படிவத்தில் ஒரு புதுக் கேள்வி வந்தது, நீங்கள் இன்றைக்கும் கேட்கிறீர்கள்: பின்னேரம் ஆறு மணிக்கு இந்த வீட்டில் என்ன நடக்கும்? அந்தக் கேள்வி ஏன் என்று உங்களில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. இப்போது தெரிந்துகொண்டீர்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். ஒரு மனிதர் கூட்டினாலும் குளிருது என்று சொன்னால், அவருக்குக் குளிருகிறது என்று முதலில் நம்புங்கள். எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பெட்டியை மாற்றுங்கள். அதற்கு வலிக்காது.

அடுத்த பில் நன்றாகக் குறைந்து வந்தபோது பரமேசக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். பெட்டி இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளை தெரிகிறது, பார்க்க வடிவில்லை என்றார்.

"உங்கட படம் ஒண்டு தாங்கோ, தங்கச்சி. சாமிக்கு மேலை மாட்டுவம்."

"அக்கா, நான் இன்னும் உயிரோடைதான் இருக்கிறன்," என்றேன்.

அண்ணை சிரித்த சிரிப்பில் இருமல் வரவில்லை. அதை நான் கவனித்தேன்.

கடைசியில் அந்த இடத்தில் அந்த பில்லையே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள். தொகைக்குப் பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டு. விளக்கின் சூடு இப்போது நேரே அதற்குத்தான் போகிறது, எவ்வளவு சுட்டாலும் அந்தத் தொகை ஏறுவதில்லை.